நான்கு பக்கமும் ஒரு வரியும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது யார் துணையும் இல்லாமல் பேப்பர் படிக்கிறார். மற்ற செய்திகளைக் கடைசியில் எழுதுகிறேன். உன் விஷயம்தான் மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீ ரிஷபம், அவர் கும்பம். இரண்டு பிறந்தநாளையும் ஒரு ஜோதிடச் செயலியில் போட்டதும் "சவாலான ஜோடி" என்று வந்ததாம். ஏழு மாதப் பழக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லதோ என்று கேட்டிருக்கிறாய்.

அந்தச் செயலி எதை வைத்து அப்படிச் சொல்கிறது என்று பார்த்தேன். அது எடுத்துக்கொள்வது பிறந்த நாளில் சூரியன் நின்ற ராசியை. ராசிச் சக்கரம் 360 பாகை, ராசிக்கு 30. ரிஷபத்திலிருந்து எண்ணினால் கும்பம் மூன்று ராசி தள்ளி இருக்கிறது, அதாவது 90 பாகை. மேற்கத்திய ஜோதிடத்தில் 90 என்றால் உரசல், 120 என்றால் இணக்கம், 60 என்றால் நட்பு. போதாததற்கு ரிஷபம் நிலம், கும்பம் காற்று. இவ்வளவுதான் அதன் கணக்கு. உங்கள் இருவரைப் பற்றி அதற்குத் தெரிந்தது இரண்டு தேதிகள் மட்டுமே.

ஆனால் அந்தச் செயலி பின்பற்றுவது பருவங்களை வைத்து எண்ணும் சாயன முறை. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நிரயன முறையில் சக்கரம் தொடங்கும் இடமே வேறு. பூமியின் அச்சு மெல்ல மெல்லத் திசை மாறுவதால் ஏறக்குறைய 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் இடைவெளி கூடி, இன்று சுமார் 24 பாகை ஆகிவிட்டது. நீ பிறந்தது மே 5, அவர் பிப்ரவரி 15. நிரயனத்தில் உனக்குச் சூரியன் மேஷத்தில், அவருக்குக் கும்பத்திலேயே. இடையில் இரண்டு ராசிதான், 60 பாகை. அதாவது நட்பு! (நாம் பேச்சில் ராசி என்பது சந்திரன் நின்ற ராசி. அது இரண்டேகால் நாளுக்கு ஒருமுறை மாறும். அதைக் கொண்டுவந்தால் மூன்றாவதாக இன்னொரு பதில் வரும்.) அதே இரண்டு பேர், அதே இரண்டு நாட்கள். இதில் எந்தப் பதிலை நம்பி நீ ஒரு மனிதரை விடுவாய்?

இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொரு கணக்கு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் வோஸ் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து சுமார் ஒரு கோடித் தம்பதிகளின் பிறந்தநாட்களை எடுத்து, யார் யாரை மணந்திருக்கிறார்கள் என்று ராசிவாரியாகப் பார்த்தார். 12 ராசிக்கு 12 ராசி, மொத்தம் 144 சேர்க்கைகள். ராசிக்குத் துளியாவது பலம் இருந்தால் ஒரு கோடித் தம்பதிகளில் அது எங்காவது தலைகாட்டியிருக்க வேண்டும் அல்லவா? ஒரே ராசிக்காரர்கள் என்னவோ எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தார்கள். காரணத்தைத் தேடிப்போனால், படிவத்தை நிரப்பியவர் துணையின் பிறந்தநாளுக்குப் பதிலாகத் தன்னுடையதையே எழுதிவிடுவது போன்ற பிழைகள். அதைக் கழித்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சவில்லை.

ராசிக்குப் பலம் இல்லை என்றாலும், ராசியைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கைக்குப் பலம் நிறையவே இருக்கிறது. சீன மொழியில் கன்னி ராசியின் பெயர் கன்னிப்பெண் என்றே பொருள் தருகிறது. அதனாலேயே அந்த ராசிக்காரர்கள் எதிலும் குற்றம் பார்ப்பவர்கள், சுத்தப் பைத்தியம் என்று அங்கே ஓர் எண்ணம் பரவிவிட்டது. காதலில் மட்டுமல்ல, வேலைக்கு எடுக்கும்போதும் அவர்களை ஒதுக்குகிறார்கள் என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் குணங்களை அளந்து பார்த்ததில் ராசிக்கும் குணத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. வெறும் ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லால் எத்தனை பேர் பேசிப் பார்க்கும் முன்பே மறுக்கப்பட்டிருப்பார்கள்! எனக்கு அதைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது.

கஷ்டமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. உன்னிடம்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு 27 வயதில் ஒருவரோடு பழகினேனே, நினைவிருக்கிறதா? அவர் விருச்சிகம். அது தெரிந்த நாளிலிருந்து அவர் எதைச் செய்தாலும் நான் தேளைத்தான் பார்த்தேன். "வீட்டுக்குப் போய்விட்டாயா?" என்று கேட்டால் சந்தேகப் புத்தி. கோபப்படாமல் இருந்தால் மனசுக்குள் வைத்துக்கொள்கிறார். என் பழைய காதலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் ஏதோ திட்டம் என்றே எடுத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் முடித்துவிட்டேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. அவர் நல்லவரா, எனக்குப் பொருந்துவாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மூன்று மாதமும் நான் அவரைப் பார்க்கவில்லை, பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் செய்தது அநியாயம்.

அதற்காக ராசியைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்லமாட்டேன். புதிதாகப் பழகும் இருவருக்கு "உன் ராசி என்ன?" என்பது நல்ல தொடக்கம். கூச்சம் போகும், சொந்தக் குணத்தைப் பற்றிப் பேச ஒரு வழி கிடைக்கும். இன்னொன்று, ஒருவர் ஜோதிடத்தை உயிராக நம்பி, மற்றவர் அதைக் கேலி செய்தால் அது நிஜமான பொருத்தமின்மை. அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா இல்லையா என்று நீ எழுதவே இல்லையே.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். உன் கடிதத்தில் நான்கு பக்கம் ராசி. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: "சண்டை வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார், கும்பம் அப்படித்தானாம்." எழுதிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு அந்த வரிதான் உன் கடிதமாகத் தெரிகிறது. நீ பயப்படுவது கும்பத்துக்கு அல்ல, அந்த இரண்டு நாளுக்கு. உன் அப்பா பேசாமல் இருந்த நாட்களில் நீ என் அறையில் வந்து படுத்துக்கொள்வாயே, அதை நான் மறக்கவில்லை. "கும்பம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. அவரும் மாற வேண்டியதில்லை, உனக்கும் வலிக்கவில்லை என்று ஆகிவிடுகிறது.

அவரிடம் கேள். சண்டை நேரத்தில் வேண்டாம், நன்றாக இருக்கும் ஒரு நாளில். "நீங்கள் பேசாமல் இருக்கும்போது எனக்கு இப்படி ஆகிறது" என்று உன் அப்பாவைப் பற்றியும் சேர்த்தே சொல். ஒருவேளை கோபத்தில் தப்பாக ஏதும் சொல்லிவிடக் கூடாதென்று ஒதுங்குகிறவராக இருக்கலாம். அப்படியானால் "இப்போது முடியவில்லை, நாளைக்குப் பேசலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக அவரால் முடியும். உன்னைத் தண்டிக்கத்தான் பேசாமல் இருக்கிறார் என்று தெரிந்தால், நீ விலகு, நானே வந்து உன்னோடு இருக்கிறேன். எதுவானாலும் அது அவர் செய்கிற காரியத்துக்காக இருக்கட்டும், பிறந்த தேதிக்காக வேண்டாம்.

என் செய்திகள் கொஞ்சம்தான். அடுத்த மாதம் வேலையில் வேறு பிரிவுக்கு மாறுகிறேன், இரவு வேலை இனி இல்லை. சின்னவள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு இரண்டு முழங்காலையும் சிராய்த்துக்கொண்டாள். அம்மா உன்னைக் கேட்டார்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். அவரிடம் பேசிவிட்டால் கூப்பிடு. பேச முடியாவிட்டாலும் கூப்பிடுடி.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி