குஞ்சப்பனை வழியாக வா

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ என்று நீ பாதிப் பேச்சில் நிறுத்திவிடுகிறாய்.

முந்தாநாள் ராத்திரி பெய்த மழையில் மேட்டுப்பாளையம்-குன்னூர் ரோட்டில் பர்லியாருக்கு மேலே மண் சரிந்து ரோட்டை அடைத்துவிட்டது. மலை ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கிழக்குச் சரிவு இப்படித்தான். ஆடி மழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் அடிக்கும். வடகிழக்கு மழை பர்லியார், குன்னூர், கோத்தகிரியைப் பிடிக்கும். 2009 நவம்பரில் நம் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நாற்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்த வாரம் முழுக்க அம்மா உன்னைக் கையை விட்டு அகலவிடவில்லை.

சரி, ரோடு விஷயத்துக்கு வருகிறேன். நீ வருவதென்றால் மேட்டுப்பாளையத்தில் குன்னூர் பக்கம் திரும்பாதே, கோத்தகிரி ரோட்டைப் பிடி. குஞ்சப்பனை, அரவேனு, கோத்தகிரி, அப்புறம் கட்டபெட்டு. அங்கே இடது பக்கம் குன்னூர் ரோட்டில் இறங்கி, அருவங்காடு தாண்டி நம் எல்லநள்ளி. குன்னூரில் நெரிசல் என்றால் கட்டபெட்டிலிருந்து நேராக ஊட்டிக்குப் போய்க் கீழே இறங்கி வா. கொஞ்ச தூரம் கூடும், அவ்வளவுதான். மே மாதம் சீசனில் கீழே போகிற வண்டிகளை எல்லாம் இந்த வழியில்தானே விடுகிறார்கள். நல்ல ரோடு. குஞ்சப்பனையில் மட்டும் யானை நிற்கும். நின்றால் ஹாரன் அடிக்காதே, விளக்கை அணைத்துவிட்டுக் காத்திரு. ராத்திரியில் வராதே.

கோத்தகிரி ரோடும் அடைத்துவிட்டால் மஞ்சூர் வழி இருக்கிறது. காரமடையில் திரும்பி வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை, மஞ்சூர். 43 கொண்டை ஊசி வளைவுகள். கெத்தைக்குக் கீழே முழுக்கக் காடு, குட்டி போட்ட யானைகள் சுற்றுகிற இடம். இருட்டும் முன்னே தாண்டிவிட வேண்டும், சோதனைச்சாவடியில் பொழுது சாய்ந்தால் விடமாட்டார்கள். மஞ்சூர் வந்துவிட்டால் ஊட்டிக்கு பஸ் இருக்கிறது, நீ வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுக்கூட வரலாம். மேலே ஏறின கியரிலேயே கீழே இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதே. ஏறுகிற வண்டிக்கு வழி விடு. இதெல்லாம் உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

போன் காட்டுகிற குறுக்குவழிக்குள் போகாதே. அது எஸ்டேட் ரோட்டையெல்லாம் ரோடு என்று காட்டும், போய்ப் பார்த்தால் பூட்டின கேட் நிற்கும், திருப்ப இடம் இருக்காது. மேட்டிலிருந்து சின்னச் சின்னக் கல் உருண்டு வந்தால், வழக்கமாகத் தெளிந்த தண்ணீர் வருகிற சிறுபாலத்தில் செங்கலங்கல் வந்தால், அந்த இடத்தில் நிற்காதே, தாண்டி விடு. ஓடிக்கொண்டிருந்த ஓடை திடீரென்று நின்றுபோனால் இன்னும் மோசம், மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் உன் வண்டிக்கு இ-பாஸ் கேட்பார்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளி நம்பர் வண்டிக்கெல்லாம் கேட்கிறார்கள். நம் மலைக்கு வர உனக்கே ஒரு பாஸ் வேண்டும் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டையை அடைக்கிறது. காசு கிடையாது, போனிலேயே எடுத்துவிடலாம். இப்போதே எடுத்து வை. பஸ்ஸில் வந்தால் அதுவும் வேண்டாம்.

அம்மா நன்றாக இருக்கிறாள். பேரிக்காய் மரத்தில் ஒரு கிளை முறிந்தது. கேரட் விலை பரவாயில்லை.

பொங்கலுக்கு நீ தனியாகக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நீயே வண்டி ஓட்டி வந்தாய். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஏற்றத்தில் ஒரு குலுக்கல் இல்லாமல் ஏற்றி, பின்னால் எடுத்துச் சுவரோரம் ஒட்டி நிறுத்தினாய். முப்பது வருஷம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஓட்டினவன் நான், எனக்கே அவ்வளவு சுத்தமாக வராது. பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு "வேலைப்பா" என்றாய். உன் கையில் அந்த ரெண்டு வளையலும் இல்லை என்று அம்மா ராத்திரி சொன்னாள். நான் எதுவும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. இப்போது மூன்று வாரமாக எனக்கு ஒரு போன் இல்லை. அம்மாவிடம் பேசுகிறாய், என்னிடம் "சாப்பிட்டீங்களாப்பா" என்பதோடு சரி. ஒரு அப்பனுக்கு இவ்வளவுதானா பேச்சு?

இப்படி எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டிருந்தது. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, கண்ணு. நாலு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியை நீ மறந்திருக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, "அப்பா, நான் வந்துடட்டுமா?" என்று கேட்டாய். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் "ரோடு அடைச்சிருக்கு கண்ணு, ரெண்டு நாள் பொறு" என்றேன்.

பர்லியார் ரோடு அடைத்திருந்தது நிஜம்தான். ஆனால் நீ கூப்பிட்டபோது நான் பிக்கப் பக்கத்தில் நின்று, மட்கார்டில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். மண் இன்னும் ஈரம் காயவில்லை. அது கோத்தகிரி ரோட்டு மண். மண்டியில் லோடு இறக்கிவிட்டு, காலி கிரேட்டோடு அந்த வழியாகத்தான் ஏறி வந்திருந்தேன், வீடு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்ப இறங்கி வந்து உன்னைக் கூட்டிவர எனக்கு என்ன கஷ்டம்? அடுத்த வாரம் சித்தப்பா வீட்டு நிச்சயம். சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், நீ பெட்டியோடு வந்து நின்றால் என்ன பதில் சொல்வது என்று என் புத்தி ஓடியது. ரோட்டின் மேல் பழியைப் போட்டேன். நீ "சரிப்பா" என்றாய். அதற்குப் பிறகு நீ அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவே இல்லை.

இதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. நீ எங்கே இருந்து கூப்பிட்டாய், அன்றைக்கு என்ன நடந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் வரவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல். தோன்றாவிட்டால் வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கம் மொத்தமும் அடைத்தாலும் சத்தியமங்கலம் போய்த் திம்பம் ஏறு, 27 வளைவு. சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு, மசினகுடி, அப்புறம் கல்லட்டி 36 வளைவு. கல்லட்டியில் வெளி வண்டியை இறங்கத்தான் விடமாட்டார்கள், ஏறுவதற்குத் தடையில்லை. பந்திப்பூர் காட்டு ரோட்டை ராத்திரி 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்கும் மேலே பாலக்காடு, நிலம்பூர், நாடுகாணி, கூடலூர் வழி. ஒரு நாள் பொழுது ஆகும், ஆனால் வந்து சேரலாம்.

குழந்தைக்கு ஸ்வெட்டர் எடுத்து வை. நீ பெரிய பெட்டி எல்லாம் தூக்கிக்கொண்டு அலையாதே, அந்தப் பச்சைப் பெட்டியில் உன் துணி இன்னும் இருக்கிறது, அம்மா வருஷா வருஷம் வெயிலில் காயப்போட்டு மடித்து வைக்கிறாள்.

ராத்திரியில் வராதே என்று மேலே எழுதியிருக்கிறேன். ராத்திரிதான் கிளம்ப முடியும் என்றால் கிளம்பு. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குள் வெளிச்சத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. கதவைத் திறக்காதே. நான் குஞ்சப்பனை வழியாக இறங்கி வருகிறேன். பிக்கப்பில் டீசல் நிரப்பி வைத்துவிட்டேன்.

அப்பா