வைபோவா காட்டுச் சாலை: பைக்கில் போகிறவர்களுக்குச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நியூசிலாந்தின் வடபகுதியைப் பைக்கில் சுற்றிவருவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் அதைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர் மூன்று இடங்களில் மாட்டிக்கொள்வார். முழுச் சுற்றையும் இரண்டே நாளில் முடிக்கலாம் என்பது ஒன்று. கடற்கரை மணலில் பைக்கை விரட்டலாம் என்பது இரண்டு. மூன்றாவது அந்தப் பெரிய புகைப்படம். கவ்ரி என்னும் அந்நாட்டுப் பெருமரத்தின் அடியில், மண்ணிலேயே, சேறு படிந்த பூட்ஸோடு ஒருவர் நிற்கிறார்.

முதலில் தூரம். ஆக்லாந்தில் கிளம்பி மேற்குக் கரையோரம் டார்கவில், வைபோவா காடு, ஹோகியாங்கா, கைடாயா என்று ஏறி, ரெயிங்கா முனையைத் தொட்டு, கிழக்கே ஐலண்ட்ஸ் விரிகுடா, ஃபாங்கரே வழியாக இறங்கினால் சுமார் 900 கி.மீ. ஆகும். நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்துக்கு அனுமதி உண்டு என்பதால் ஒன்பது மணி நேரக் கணக்குப் போடுவது வீண். வைபோவா காட்டுக்குள் மட்டும் 18 கி.மீ. வளைந்து வளைந்து போகிறது. எங்கும் நிற்காமல் போனாலே அரை மணி நேரம் பிடிக்கும். நாளொன்றுக்கு 200 முதல் 250 கி.மீ. என்று வைத்துக்கொண்டு நான்கைந்து நாள் ஒதுக்குவதே சரி.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதும் முக்கியம். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். மேற்கில் ஏறிக் கிழக்கில் இறங்கினால் இரு கரையிலும் கடல் நம் இடக்கைப் பக்கமே இருக்கும். நின்று பார்க்க எதிர்த்தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு இடைஞ்சல்: தென்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். ஜூன், ஜூலையில் அது உச்சிப்பொழுதிலும் அடிவானத்திலிருந்து 30 பாகை அளவுக்குத்தான் ஏறும். வடக்கு நோக்கி ஓட்டுகிறவருக்கு மதியம் முழுக்க வெயில் முகத்திலேயே அடிக்கும். எந்தக் கரையோரம் ஏறினாலும் இதைத் தவிர்க்க முடியாது.

இனி காடு. கட்டுரையாளர் வளைவுகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார். வளைவு கண்ணுக்குத் தெரியும், ஆளை எச்சரிக்கும். விழவைப்பது பெரும்பாலும் வளைவுக்கு நடுவே மாறுகிற தரைதான். நியூசிலாந்தின் இயற்கைக் காடு பெரும்பாலும் இலை உதிர்க்காத காடு. குளிர்காலத்திலும் கூரை வேய்ந்ததுபோல் நிழல் மூடியிருப்பதால் முந்தைய இரவின் ஈரம் நண்பகல்வரை காய்வதில்லை. தடத்தின் நடுவிலும் ஓரத்திலும் பாசி படரும். அதன்மேல் ஊறிய இலை கிடக்கும். நான்கு சக்கர வண்டிகளின் டயர் ஓடி ஓடித் தேய்த்த இரண்டு கோடுகள்தான் பிடிப்புள்ள இடம். வெளிச்சமான காய்ந்த சாலையிலிருந்து அந்த நிழலுக்குள் நுழையும் கணத்தில் கண்ணும் ஓரிரு நொடி பின்தங்கும். கறுப்பு வைசர் போட்டவருக்குக் கேட்கவே வேண்டாம். நிறமற்ற வைசரும், ஹெல்மெட்டுக்குள் இறக்கி ஏற்றும் வெயில் கண்ணாடியும் இருந்தால் போதும்.

அதனால் இங்கே பிரேக்கை நிழலுக்கு வெளியிலேயே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிடித்து முடித்துவிட வேண்டும். ஒரு கியர் குறைத்து, ஆக்ஸிலரேட்டரைச் சீராக வைத்து உள்ளே நுழையலாம். சாய்ந்தபின் முன்பிரேக்கைத் தொட்டால் பாசியில் முன்சக்கரம் முதலில் நழுவும். அதைக் காப்பாற்றுவது கடினம். வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 25, 35 என்று போட்டிருப்பது பரிந்துரை வேகம்தான், சட்ட வரம்பு அல்ல. ஆனாலும் ஈரத்தில் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டை ஒட்டியும் ஓட்டக்கூடாது. எதிரே வரும் மர லாரியின் பின்வண்டி வளைவில் கோட்டைத் தாண்டி உள்ளே வரும். சில இடங்களில் கவ்ரி மரங்கள் சாலை விளிம்பிலேயே நிற்பதால் ஒதுங்க இடமும் இருக்காது.

காட்டுக்கு வெளியே தார் வேறு மாதிரி. கிராமப்புறச் சாலைகள் பல, தாரை ஊற்றி அதன்மேல் ஜல்லி தூவி உருட்டியவை. புதிதாகப் போட்ட இடத்தில் ஒட்டாத ஜல்லி குண்டுமணியாக உருளும். கோடை வெயிலில் தார் இளகி மேலே வந்து கறுப்பாக மினுங்கும். அது ஈரமான சாலை அளவுக்கு வழுக்கும். அங்கே நிறுத்தினால் சைடு ஸ்டாண்டு மெல்ல அமிழ்ந்து வண்டி சாய்ந்துவிடும் என்பதால் உள்ளங்கை அகலத் தகடு ஒன்று பையில் இருக்கட்டும். ஜல்லியின் சொரசொரப்பு டயரையும் சீக்கிரம் தின்றுவிடும், ஆகவே பாதி தேய்ந்த டயரோடு வாடகை வண்டியை எடுக்காதீர்கள். காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து, மூட்டையோ பின்னால் ஆளோ இருந்தால் அதற்கென்று கையேட்டில் உள்ள அளவுக்கு ஏற்ற வேண்டும்.

காட்டைக் கடந்து ஒமாபெரே மேட்டில் ஹோகியாங்கா கழிமுகம் திறக்கும்போது மேற்குக் காற்று பக்கவாட்டில் அறையும். ஹேண்டிலை இறுகப் பிடித்தால் காற்றின் ஒவ்வொரு உதையும் முன்சக்கரத்துக்குப் போகும். முழங்கால்களால் டேங்கை அணைத்து, முழங்கைகளைத் தளர்த்தி, தடத்தின் நடுவில் ஓட்டினால் இருபுறமும் அலைய இடம் கிடைக்கும். எதிரே லாரி கடக்கும்போது காற்று சட்டென்று நின்று மறுபடி அடிக்கும்; அதை எதிர்பார்த்திருங்கள்.

இப்போது கடற்கரைக்கு வருகிறேன். தொண்ணூறு மைல் கடற்கரை சட்டப்படி சாலைதான். கட்டுரை சொன்னதில் பிழை இல்லை. (பெயர்தான் தொண்ணூறு மைல், நீளம் 88 கி.மீ. அளவுதான்.) ஆனால் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் மணலில் இறங்குவதைத் தடுக்கின்றன. மீறினால் காப்பீடு கைகொடுக்காது, மீட்பு வண்டிச் செலவும் நம் தலையில் விழும். சொந்த வண்டியென்றாலும் கடல் வற்றத்தை ஒட்டிய சில மணி நேரம்தான் கெட்டி மணல் கிடைக்கும். ஏற்றம் தொடங்கியதும் அலைக்கும் மணல்மேட்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வோம். வடகோடியில் வெளியேறும் வழி டே பாக்கி ஓடை. அதன் அடியில் புதைமணல் உண்டு. நின்ற இடத்தில் சக்கரம் இறங்கும்.

மணலில் இறங்காவிட்டாலும் கடற்காற்றின் உப்பு வண்டியில் படியும். அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அழுத்தக் குழாயைச் செயின் மேலும் சக்கர பேரிங் மேலும் நேராகக் காட்டினால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியே போய் உப்புநீர் உள்ளே போகும். வாளித் தண்ணீரும் துணியும் போதும். துடைத்துவிட்டு, ஒரு கிலோமீட்டர் ஓட்டிச் செயினைக் காயவைத்து, அந்தச் சூட்டிலேயே உட்புறமாக எண்ணெய் இட்டு இரவெல்லாம் விட்டுவிடலாம். காலையில் இட்டால் பாதி பின்டயரில் தெறிக்கும். செயின் தொய்வையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கையேட்டு அளவை மீறி இறுக்கினால் மூட்டை ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கும்போது செயினும் கியர்பெட்டி பேரிங்கும் அடிவாங்கும்.

அந்தப் புகைப்படத்தைப் பற்றி. வைபோவாவின் டானே மஹுட்டா என்னும் கவ்ரி மரம் 51 மீட்டர் உயரம், அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 14 மீட்டர். அத்தனை பெரிய மரத்துக்கு உணவு உறிஞ்சும் வேர்கள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே மெல்லிதாகப் பரந்திருக்கின்றன. 2015இல் ஃபைட்டாஃப்தோரா அகாதிடிசிடா என்று பெயரிடப்பட்ட கிருமி மண்ணில் வாழ்ந்து அந்த வேர்களை அழுகச் செய்கிறது. அடிமரத்தில் பிசின் வழிந்து மரம் பட்டுப்போகும். குணமாக்கும் மருந்து இல்லை. ஒரு சிட்டிகை சேறு போதும், கிருமி இன்னொரு காட்டுக்குப் போய்விடும். பைக்கில் வருகிறவர் பூட்ஸை மட்டும் தேய்த்தால் போதாது. மட்கார்டின் உட்புறம், எஞ்சின் அடித்தகடு, சைடு ஸ்டாண்டின் பாதம் ஆகியவற்றில் சேறு ஒட்டியிருக்கும். அதை முந்தின ஊரிலேயே கழுவிவிட வேண்டும். நடைபாதை வாயிலில் முதலில் பிரஷ்ஷால் மண்ணை முழுதும் நீக்கி, பிறகுதான் கிருமிநாசினி. சேற்றின் மேல் தெளித்தால் பலன் இல்லை. திரும்பும்போதும் இதையே செய்ய வேண்டும். பலகைப் பாதையை விட்டு இறங்கக்கூடாது. ஊரிலிருந்து பழைய பூட்ஸ், கூடாரம் கொண்டுபோகிறவர்கள் விமான நிலையத்தில் அதை எழுதிக்கொடுக்க வேண்டும். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் உடனடி அபராதம்.

மற்றவை சுருக்கமாக. டார்கவில்லில் டேங்கை நிரப்புங்கள். ஒமாபெரே பக்கம் போய்ச் சேர 90 கி.மீ. அளவு. கைடாயாவிலிருந்து ரெயிங்கா முனை போய்வர 220 கி.மீ. ஆகும், முனையில் பெட்ரோல் கிடையாது. 12 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 25 கி.மீ. என்றால் 300 கி.மீ. வரும், எதிர்காற்றில் 100இல் ஓட்டி அது 20 ஆனால் கையிருப்பு 20 கி.மீ.தான். ஆளில்லாத பங்க்குகளில் பின் எண் உள்ள அட்டைதான் செல்லும்.

ஒருவழிப் பாலங்களில் வட்டப் பலகையில் நம் பக்க அம்பு சிவப்பாகச் சிறியதாக இருந்தால் நாம் எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். நீலப் பலகையில் நம் அம்பு பெரிதாக வெள்ளையாக இருந்தால் முன்னுரிமை நமக்கு; இருந்தாலும் எதிரே வருகிறவர் நின்றாரா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். ஹோகியாங்காவைக் கடக்கும் ராவெனே படகுத்துறையில் இரும்புச் சாய்தளம் நனைந்திருக்கும். நேராக, பிரேக் தொடாமல் இறங்கி, படகில் முதல் கியரில் வைத்து வண்டி அருகிலேயே நிற்கவும். கார் ஓட்ட மட்டும் உரிமம் உள்ளவர் அங்கே பைக் ஓட்ட முடியாது. 1980 முதல் தயாரான பைக்குகளுக்குப் பகலிலும் முகப்பு விளக்கோ பகல்நேர விளக்கோ எரிய வேண்டும்.

கிளம்பும் காலையில் சாலை நிலவரத்தையும் பார்த்துவிடுங்கள். 2022 ஆகஸ்ட் மழையில் சரிந்த மாங்காமுக்கா மலைச்சாலை 2024 டிசம்பரில்தான் திறந்தது. அதுவரை கைடாயாவுக்குச் சுற்றுவழிதான்.

ரெயிங்கா முனையில் பொட்டலத்தைப் பிரித்து உண்ணும் படமும் கட்டுரையில் இருந்தது. இறந்தவர்களின் ஆவி புறப்படும் இடம் என்று மாவோரி மக்கள் புனிதமாகக் கருதும் இடம் அது. அங்கே உண்ணவோ பருகவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கட்டுரையை மறுபதிப்புச் செய்தால் இந்தப் படத்தையும் மரத்தடிப் படத்தையும் மாற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்