ஈரம் காயாத அங்கி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர்தான் இன்னும் பழகவில்லை. "ஜப்பான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தை எப்படிச் சொல்லித் தருகிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். நீயே டீச்சர், உன் கேள்வியை மழுப்ப முடியாது.

அதற்கென்றே பாடம் உண்டு, பெயர் தோதோகு. வாரம் ஒன்று, பாப்பாவின் மூன்றாம் வகுப்புக்கு வருஷத்தில் 35 பீரியட். நம் காலத்து நீதிபோதனை பீரியடைப் போலக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டு போவதற்கில்லை. 1958-லிருந்தே இந்த வகுப்பு இருந்தாலும், 2018-இல்தான் தொடக்கப்பள்ளியில் பாடநூலோடு முறையான பாடமானது. பிள்ளைகள் ஒருவரையொருவர் துன்புறுத்துவது பெரிய பேச்சான பிறகு வந்த மாற்றம். ஆனால் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. போருக்கு முன் ஷூஷின் என்ற பாடத்தை வைத்துப் பிள்ளைகளைச் சக்கரவர்த்தி விசுவாசத்தில் ஊறப்போட்டார்கள். 1945-இல்தான் அதை நிறுத்தினார்கள். இப்போதும் தலைப்புகளில் நாட்டுப்பற்று ஒன்று இருக்கிறது. எனக்கும் அது கொஞ்சம் உறுத்தல்தான். நல்லவேளை, மதிப்பெண் கிடையாது. ஆசிரியர் நாலு வரி எழுதித் தருவதோடு சரி.

பாப்பா அந்தப் புத்தகத்தை வீட்டில் பிரித்துப் பார்த்ததாக நினைவில்லை. அவள் கற்றுக்கொள்வதெல்லாம் வேறு இடத்தில். வகுப்பறையைப் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கிறார்கள். அதற்கான துணியைப் பழைய துண்டில் தைத்துக் கொடுத்தது நான்தான். (வீட்டில் தட்டை எடுத்து வை என்றால் மட்டும் காது கேட்காது.) மதியச் சாப்பாடும் வகுப்புக்கே வரும், முறை வைத்துப் பரிமாறுவார்கள். முறைக்காரருக்கு வெள்ளை அங்கி, தொப்பி. அங்கி பள்ளிக்கூடத்துடையது, எண் போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டுத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். அந்த வாரம் இன்னொரு பிள்ளை அதைப் போட்டுக்கொள்ளும்.

போன வாரத்துக்கு முந்தைய வாரம் நான் மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் அங்கி துவைக்காமல் பைக்குள்ளேயே கிடக்கிறது, மேலே குழம்புக் கறையோடு. பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"டீச்சர் திட்டுவாங்களா?" என்றேன்.

"டீச்சர் எதுக்குத் திட்டணும்? அவன் எதைப் போட்டுக்கிட்டுப் பரிமாறுவான்?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. நான் பயந்தது டீச்சருக்கு. அவள் கவலை அந்தப் பையனைப் பற்றி. குழாயடியில் கறையைத் தேய்த்து அலசி, ஈரத்தோடேயே இஸ்திரி போட்டேன். சமையலறை முழுக்க ஆவி. என்ன செய்தும் கழுத்துப்பட்டி காயவில்லை. அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "காயலன்னு அவன்கிட்ட நானே சொல்லிடறேன்" என்று மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

இதை அத்தைக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். போனில் பேசும்போது தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
தம்பி