ஊருக்கு ஒரே மார்க் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஜூலையில் வெளியான தூய்மை நகரங்கள் தரவரிசையில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்கு 40-வது இடம். டீக்கடை தோறும் அதுதான் பேச்சு. வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் எந்தத் தெருவில் என்ன கோளாறு என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் எல்லாம் மாநகராட்சியில் சேர்ந்தபோது 72 வார்டு 100 ஆனது. மாசி வீதிக்காரர்களுக்குக் கடை, பஸ் எல்லாமே கூப்பிடு தூரம். மர நிழல்தான் இல்லை. புறநகரில் காற்றோட்டம் உண்டு, ஆனால் ஒரு கட்டு கொத்தமல்லிக்கும் வண்டியை எடுக்க வேண்டும். செல்லூர்க்காரர்களுக்கோ மேகம் கறுத்தாலே பயம்; 2024 அக்டோபர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. இவை அத்தனைக்கும் சேர்த்து ஒரே மார்க்!

குடியிருப்புப் பகுதி அளவிலேயே மதிப்பிடும் முறைகள் வெளிநாடுகளில் உண்டு. அமெரிக்காவில் லீட், இங்கிலாந்தில் பிரீயம், ஜப்பானில் காஸ்பீ. பஸ் நிறுத்தம் நடக்கும் தூரத்தில் இருக்கிறதா, மழைநீர் எங்கே போகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். நல்ல யோசனைதான். அதற்காக அந்தப் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்தால் சைக்கிள் ஸ்டாண்டுக்கு மார்க் விழும், கண்மாயில் மிஞ்சும் தண்ணீரை வெளியேற்றும் கலுங்குக்கு விழாது.

பகுதி பகுதியாக மார்க் போட நமக்கென்று ஒரு பட்டியல் வேண்டும். அதில் முதலில் வர வேண்டியது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய். உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளையே எழுந்த ஊர் இது. சாமானியன் வாய்க்காலில் வீடு கட்டினால் யார் கேட்பது? அடுத்தது சாலையின் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், எங்கள் தெருவில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம். ஐப்பசி பிறந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். குப்பை வண்டி, குடிநீர் வரும் நாள், நடைபாதை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதற்குக் கன்சல்டன்ட் வேண்டியதில்லை (கோடிக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கும் பைண்டு செய்த அறிக்கையை யார் படிக்கிறார்கள்?). அளவு நாடாவோடு வார்டு பொறியாளரும் கட்டடக்கலை மாணவர்கள் சிலரும் மழை நாளில் ஒரு சுற்று வந்தால் பாதிக் கணக்கு முடிந்துவிடும். வந்த மார்க்கை, வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் எல்லோர் முன்பும் வாசிக்கட்டும். 2022 முதல் நடக்கும் அந்தச் சபைகளில் தெருவிளக்கைத் தாண்டிப் பேச ஒரு விஷயம் கிடைக்கும். 2016-ல் தேர்வான ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும்தான் முதல் மரியாதை கிடைத்தது. அடுத்த நிதி வரும்போது கடைசி மார்க் வாங்கிய பகுதியிலிருந்து தொடங்கலாம்.

புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்கும் கோப்பிலும் அந்தப் பகுதியின் மார்க்கை இணைக்க வேண்டும். வாய்க்காலில் ஃபெயிலான இடத்துக்கு, வாய்க்காலைச் சரிசெய்த பிறகே அனுமதி தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஆனையூர், மதுரை.