விலகல் காரணம்: சொந்த விருப்பம்

தொழிலாளர் சட்டங்களை வரைவோருக்கும் அவற்றை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். என்னையும் சேர்த்து 22 பேர் வேலை பார்த்த ஒரு லேத் பட்டறையில் 18 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். அந்தப் பட்டறை மூடப்பட்ட வாரத்தில் 22 விலகல் கடிதங்களை நானே எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். எல்லாக் கடிதங்களிலும் ஒரே வாசகம்தான்: ‘எனது சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.’ யாரும் விரும்பி விலகவில்லை என்பது கையெழுத்துப் போட்டவர்களுக்கும் தெரியும், எழுதிய எனக்கும் தெரியும், வாங்கிக் கோப்பில் வைத்த முதலாளிக்கும் தெரியும். அப்படி எழுதிக் கொடுத்தால் நிலுவைக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம், யாரும் எங்கும் அலைய வேண்டியதில்லை என்று எங்களுக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆனால் உங்கள் பதிவேடுகளைப் பொறுத்தவரை எங்கள் பட்டறையில் யாருக்கும் வேலை போகவில்லை. 22 பேர் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் எழுதிய கடிதங்களோடு, தாமாகவே வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள்.

இதில் என் தவறு உண்டு, அதை மறைக்கவில்லை. இருந்தாலும், சிறு தொழிற்கூடம் ஒன்று மூடப்படுவதைப் பார்க்காமல் இருப்பதற்கான ஏற்பாட்டைச் சட்டமே செய்து வைத்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆலை மூடுவதற்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1988இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், 100 பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுக் கூட்டு ஆட்குறைப்பு நெறிமுறையின் கணக்கில் 20 பேருக்குக் குறைவான கூடம் வருவதில்லை. இந்தியாவில், 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1972இல் சேர்க்கப்பட்ட பிரிவு மூடலுக்கு 60 நாள் முன்னறிவிப்பைக் கேட்டாலும், 50 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. 2020இல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் அதே வரம்பை வைத்துக்கொண்டது. சிறு முதலாளியின் தலையில் காகிதச் சுமையை ஏற்றக் கூடாது என்ற நல்ல நோக்கம் இதற்குப் பின்னால் இருந்திருக்கும். ஆனால் 22 பேருக்கு வேலை போனால் அவர்களில் ஒவ்வொருவருக்கும் போவது முழு வேலைதான். ஆள் குறைவு என்பதற்காகப் போகும் சம்பளமும் குறைந்துவிடுவதில்லை.

ஆய்வுகளும் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களையே அளந்திருக்கின்றன. நீண்ட காலம் பணியாற்றிய இடத்தில் வேலை இழந்தவர்களின் வருமானம், ஆண்டுகள் பல கடந்த பிறகும், வேலை போகாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவாகவே இருந்தது என்று ஜேக்கப்சன், லாலோண்ட், சல்லிவன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்த ஆய்வு நடந்த அதே அமெரிக்க மாநிலமான பென்சில்வேனியாவின் தொழிலாளர்களை வைத்துச் சல்லிவனும் வான் வாக்டரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நெடுநாள் பணியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆண்களின் இறப்பு விகிதம் அடுத்த ஓராண்டில் 50 முதல் 100 சதவீதம் வரை உயர்ந்திருந்தது என்றது. இந்த எண்களை நான் படித்தது எங்கள் பட்டறை மூடிய பிறகுதான். இரண்டாவது எண்ணைப் படித்தபோது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி இங்கே எழுத அந்தக் குடும்பத்திடம் நான் அனுமதி கேட்கவில்லை.

ஆஸ்திரியாவில் மாரியென்தால் என்ற சிற்றூரின் நெசவாலை 1930 வாக்கில் முற்றிலும் நின்றுபோனபோது, மாரி யஹோடா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே போய் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பதிவு செய்தது. சன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு அமர்ந்து, தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூடக் குறித்தார்கள். வீட்டு வேலை காத்திருந்த பெண்கள் விரைந்து நடந்தார்கள். போவதற்கு இடமில்லாத ஆண்கள் நின்று நின்று நடந்தார்கள். நேரம் மிச்சமாகக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. ஓர் ஊரே வேலை இழந்ததால் அங்கே பார்க்க ஆள் வந்தார்கள். நாங்கள் 22 பேரும் 22 தெருக்களில் இருந்தோம். எந்தத் தெருவிலும் ஒருவர்தான் மெதுவாக நடந்தார். உடம்பு சரியில்லை போலும் என்று அக்கம்பக்கத்தார் நினைத்திருப்பார்கள்.

பட்டறை மூடப்படப் போகிறது என்பதை எங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை; நாங்களாகத்தான் தெரிந்துகொண்டோம். பீப்பாயாக வந்துகொண்டிருந்த கட்டிங் ஆயில் கேனில் வரத் தொடங்கியது. இரும்புக் கம்பி கட்டாக இறங்குவது நின்று, அன்றன்றைய வேலைக்கு எண்ணி வந்தது. சம்பளம் முதலில் நான்கு நாள் தள்ளிப்போயிற்று, பிறகு பாதி பாதியாக வந்தது. கடைசி மூன்று மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி, மூடும்போதும் பாக்கி இருந்தது.

இயந்திரங்கள் விற்கப்பட்ட நாளில் எங்கள் மூத்த டர்னர் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். 26 ஆண்டுகள் தான் ஓட்டிய லேத்தின் படுகையிலிருந்த சுருள்களையெல்லாம் தூரிகையால் தள்ளி, வழித்தடங்களைத் துணியால் துடைத்து, எண்ணெய் தடவினார். லாரியோடு வந்தவரை அழைத்து, இரும்பைப் பிடித்துச் சுழலும் ‘சக்’ என்ற பாகத்தைக் கையால் சுழற்றிக் காட்டி, ‘இந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது, பேரிங்கை இறுக்கிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்’ என்றார். வந்தவர் நல்ல மனிதர்தான். சற்றுத் தயங்கிவிட்டு, ‘எடைக்குத்தான் எடுக்கிறோம், ஐயா’ என்றார். டர்னர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த துணியை மடித்து லேத்தின் மேலேயே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அவருக்கு அனுபவச் சான்றிதழ் எழுதியதும் நான்தான். ‘லேத் இயக்குபவர், 26 ஆண்டுகள்’ என்பதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சுருளின் நிறம் நீலமாக மாறும்போதே வெட்டும் முனை சூடேறுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். அடுத்த அறையில் ஓடும் இயந்திரத்தின் சத்தத்தை வைத்து அதன் டூல் மழுங்கிவிட்டது என்பார். போய்ப் பார்த்தால் மழுங்கியிருக்கும். இதற்கெல்லாம் சான்றிதழில் இடமில்லை. பயிற்சி நிலையத்தில் படித்த பட்டயம் கேட்ட இடங்களில் அந்த 26 ஆண்டுகளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒரு கிடங்கின் வாசலில் வண்டி எண்களைப் பதிவேட்டில் எழுதுகிறார்.

லேத்தில் கடைந்த பாகங்களுக்குப் பிசிறு தட்டிய மூன்று பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு எண்ணிக்கைக்குத் தக்க கூலி. வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது. பின்னால் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அவர்களிடமும் கடிதம் வாங்கச் சொன்னார்கள். பட்டறையின் காகிதங்களில் அவர்கள் பெயர் முதன்முதலாக ஏறியதே விலகல் கடிதத்தில்தான்.

முதலாளியை இந்த மடலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. வங்கிக் கடனுக்குத் தம் வீட்டையே ஈடு வைத்திருந்தார், அதுவும் போயிற்று. மூடப்போவதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் இரும்பு கொடுப்பவர் கடனை நிறுத்தியிருப்பார், வாங்குபவர் ஆர்டரை வேறிடத்துக்கு மாற்றியிருப்பார், இரண்டு மாதம் கழித்து நின்ற பட்டறை இரண்டே வாரத்தில் நின்றிருக்கும். எனவே பெரிய ஆலைக்குரிய முன்னறிவிப்பு விதியை அப்படியே எடுத்து எங்கள் மேல் போட்டால் போதும் என்று நான் நினைக்கவில்லை. அவரை வீழ்த்தியது வேலை இல்லாமை அல்ல, செய்து கொடுத்த வேலைக்குப் பணம் வராமை. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி தர வேண்டும் என்று இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் பணம் தருவதைத் தாமதிப்பதற்கு எதிராக 2011இல் ஒரு நெறிமுறை வகுத்தது. ஆனால் வட்டி கேட்டுப் புகார் கொடுக்க வேண்டியவர் யார்? அடுத்த ஆர்டருக்காகக் காத்திருக்கும் அதே சிறு முதலாளிதானே. நான் எழுதிய நினைவூட்டுக் கடிதங்கள் ஒவ்வொன்றும் ‘தங்கள் வசதிப்படி’ என்றே முடிந்தன. எட்டு மாதமாக வராத பணத்துக்கும் அப்படித்தான் எழுதினேன்.

செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. ஜெர்மனியில் முதலாளிகளிடமிருந்து வசூலிக்கும் தீர்வையைக் கொண்டு, நொடித்துப்போன நிறுவனத்தின் தொழிலாளர்களுக்குக் கடைசி மூன்று மாத ஊதிய பாக்கியைக் கொடுக்கிறார்கள். திவால் மனுவே போடாமல், போடுவதற்கும் சொத்து மிஞ்சாமல், வேலையை முற்றிலும் நிறுத்திவிட்ட நிறுவனத்துக்கும் அது பொருந்தும். எங்களைப் போன்ற இடங்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிகின்றன. மனு, நீதிமன்றம் எதுவும் இல்லாமல் கதவைச் சாத்திப் பூட்டுவதோடு சரி. எத்தனை பேர் என்று கேட்காமல் கடைசிச் சம்பளத்தைக் காக்கும் ஒரு நிதியை ஏற்படுத்துங்கள். வராத பணத்தைச் சிறு முதலாளி கேட்க வேண்டும் என்றில்லாமல், வாங்கிய நிறுவனத்தின் கணக்கேட்டிலிருந்து நீங்களே கண்டுபிடித்துக் கேளுங்கள். அந்த நிலுவைகளெல்லாம் அவர்களுடைய தணிக்கை அறிக்கையில் ஏற்கெனவே இருக்கின்றன. இயந்திரம் லாரியில் ஏறுவதற்கு முன்பு, தொழில் தெரிந்த ஒருவரை அனுப்பி, அதை ஓட்டியவரின் கைவேலையை நேரில் பார்த்துச் சான்று எழுதச் சொல்லுங்கள். அரை நாள் போதும். டர்னருக்கு அந்த அரை நாள் கிடைத்திருந்தால் இன்று அவர் வண்டி எண் எழுதிக்கொண்டிருக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை.

எல்லாவற்றுக்கும் முதலாக, ஒரே இடத்திலிருந்து ஒரே வாரத்தில் வேலை பார்த்த அத்தனை பேரும் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ விலகியிருந்தால், யாராவது ஒருவர் வந்து ஏன் என்று கேட்கும்படி விதி செய்யுங்கள். கடிதங்களின் நகல்கள் 22ம் என்னிடம் இருக்கின்றன. என் கையெழுத்தும் ஒன்றில் உள்ளது. நீங்கள் கேட்டால், விலகல் காரணம் என்ற இடத்தை அடித்து, ‘பட்டறை மூடப்பட்டது’ என்று எழுதித் தருகிறேன். மற்றவர்களிடமும் நானே போய்க் கையெழுத்து வாங்கி வருகிறேன். அவர்கள் இப்போது இருக்கும் இடங்கள் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மூடப்பட்ட ஒரு பட்டறையின் கணக்கர்