சரிவில் வண்டி ஓட்டும் மகளுக்கு

உடுமலைப்பேட்டை,
ஜூன் 14.

அன்புள்ள கயல்,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆஸ்திரேலியாவில் நீ இருக்கும் ஆர்மிடேலில் காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படங்களில் அம்மா ஆட்டு மந்தையைப் பார்த்தாள், அவளுடைய தங்கை உன் கன்னம் ஒட்டிப்போய்விட்டது என்றாள். நான் பார்த்தது வண்டியை. முப்பது வருடம் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவன் வேறு எதைப் பார்ப்பான்?

உன் ஆராய்ச்சிக்காக மேய்ச்சல் நிலத்தில் புல் மாதிரி எடுக்க, பைக் மாதிரி கைப்பிடி பிடித்து ஓட்டும் அந்த நாலு சக்கர ‘குவாட் பைக்’ வண்டியில்தான் நாள் முழுவதும் போகிறாய் என்பதை இப்போதுதான் சொல்கிறாய். சரி. முதல் படத்திலேயே எனக்குப் பிடித்த ஒன்று இருந்தது: இருக்கைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரும்பு வளையம். வண்டி உருண்டால் அதன் முழு எடையும் உன் நெஞ்சின் மேல் இறங்காமல் கொஞ்சம் இடைவெளி விடுவதற்காக அது இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 11 முதல், பண்ணை வேலைக்கு விற்கும் புதிய வண்டி ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு பாதுகாப்பு அமைப்பு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டார்கள். அதை எதிர்த்துப் பெரிய கம்பெனிகள் சில இந்த வகை வண்டி விற்பதையே அங்கே நிறுத்திக்கொண்டன. டிராக்டரின் கதையும் இதுதான். ஓட்டுநர் தலைக்கு மேல் இரும்புச் சட்டம் வேண்டும் என்று 1959-இல் ஸ்வீடன் சட்டம் போட்டபோது, நன்றாக ஓட்டத் தெரிந்தவனுக்கு அது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அதன் பிறகு டிராக்டர் கவிழ்ந்து சாகிறவர்கள் அங்கே மிகவும் குறைந்துபோனார்கள். யாராவது உன்னிடம் வந்து அந்த வளையம் மரக்கிளையில் இடிக்கிறது, கழற்றிவிடலாம் என்றால், கிளையை வெட்டச் சொல்.

ஆனால் வளையம் இருக்கிறதே என்று நீ அசட்டையாக இருந்துவிடக் கூடாது. அந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் இந்த வண்டிகளால் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் சொல்கிறது. அதில் பாதிக்கு மேல் வண்டி உருண்டதால் நேர்ந்தவை. வேகமாக ஓட்டிச் சாகசம் செய்கிற பையன்களை மட்டும் நினைத்துக்கொள்ளாதே. பல வருடம் தன் சொந்த நிலத்தில் ஓட்டியவர்கள், வேலி பார்க்கவும் களைக்கொல்லி அடிக்கவும் மெதுவாகப் போனவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். எலும்பு முறியாமலே, வண்டிக்கு அடியில் நெஞ்சு அழுந்தி மூச்சு முட்டி இறப்பவர்கள் உண்டு.

டிராக்டர் இரண்டு டன். அதன் மேல் நான் முன்னால் சாய்ந்தாலும் பின்னால் சாய்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. உன் வண்டி சுமார் முந்நூறு கிலோ, நீ ஐம்பத்தைந்து. அகலம் குறைவு, உயரம் அதிகம். அதனால் நீ அந்த வண்டியின் எடையில் ஒரு பங்கு, அதுவும் நினைத்தபடி நகர்த்தக்கூடிய ஒரே பங்கு. அந்த நீளமான இருக்கை இரண்டு பேருக்காகச் செய்தது அல்ல, நீ முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வதற்காகச் செய்தது. மூன்றாவது படத்தில் உன் பின்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன் தோழி நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். இனி அவளை அங்கே ஏற்றாதே. அவள் உட்கார்ந்தால் எடை பின்னால் போகும், முன்சக்கரம் தரையைப் பிடிக்காது, நீ நகர இடமும் இருக்காது. இருவராகப் போவதென்றால் சீட் பெல்ட்டும் கூண்டும் உள்ள, பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேடு ஏறுவதைச் சொல்கிறேன். ஏறத் தொடங்குவதற்கு முன்பே தாழ்ந்த கியருக்கு வா. எழுந்து முன்னால் சாய்ந்துகொள், சீராக ஏறு. நடுவழியில் ஆக்சிலேட்டரைத் திடீரென்று அழுத்தினால் முன்பக்கம் தூக்கும். போன தை மாதம் நம் பக்கத்துத் தோட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். சேற்றில் புதைந்த கரும்பு டிரெய்லரை இழுக்க, சங்கிலியை டிராக்டரின் கீழே உள்ள கொக்கியில் மாட்டாமல், பின்பக்கம் மேலே கருவிகளைப் பிடிக்கும் கம்பி (டாப் லிங்க்) இருக்கும் உயரத்தில் கட்டியிருந்தார்கள். பின்சக்கரம் பிடித்து நின்றது, முன்சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்த்தன. ஓட்டியவர் அந்த நொடியில் கிளட்சை மிதித்ததால் வீடு போய்ச் சேர்ந்தார். உன் வண்டியிலும் எதையாவது இழுக்க நேர்ந்தால் கயிற்றைப் பின்னால் சாமான் வைக்கும் கம்பியில் கட்டாதே. கீழே அதற்கென்று உள்ள கொக்கியில் மட்டும்தான்.

ஏறும்போது வண்டி நின்றுவிட்டால் பதறாதே. எடையை மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு பிரேக்கைப் பிடி, பார்க்கிங் பிரேக்கைப் போடு, மேட்டுப் பக்கமாக இறங்கு. பின்னால் உருளத் தொடங்கிவிட்டால் ஆக்சிலேட்டரைத் தொடாதே, பின் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிக்காதே, வண்டி அப்படியே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். முன் பிரேக்கைத்தான் பதமாகப் பிடிக்க வேண்டும். சில வண்டிகளில் இரண்டையும் ஒன்றாக இணைத்திருப்பார்கள். உன்னுடையது எப்படி என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்.

இறங்குவது எளிது. தாழ்ந்த கியர், உடலைப் பின்னால் தள்ளிக்கொள்வது, எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குவது. நியூட்ரலில் விட்டு இறங்காதே.

எனக்கு உண்மையில் பயம், சரிவுக்குக் குறுக்கே போவதில்தான். உன் வண்டியில் ஒரு அட்டை தொங்கும், அல்லது தொங்கியிருக்கும். எத்தனை டிகிரி சாய்ந்தால் வண்டி இரண்டு சக்கரத்தில் நிற்கும் என்று அதில் போட்டிருப்பார்கள். பக்கவாட்டில் ஏறக்குறைய 28.8 டிகிரிக்கு முன்பே கவிழும் வண்டியைப் பண்ணை வேலைக்குப் புதிதாக விற்கக் கூடாது என்பது அங்கே விதி. அந்த எண்ணைப் பார்த்து, நம் மலை அதைவிடக் குறைவுதானே என்று நீ கணக்குப் போட்டுவிடாதே. அது மேடு பள்ளம் இல்லாத மேசையின் மேல் வண்டியை அசையாமல் நிறுத்தி, மேசையைச் சாய்த்து எடுத்த கணக்கு. உன் நிலம் கருங்கல் பூமி. முழங்கால் உயரப் புல்லுக்குள் கல் இருக்கும், முயல் வளையும் இருக்கும். சக்கரங்களுக்கு இடையே தொண்ணூறு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். மேட்டுப் பக்கச் சக்கரம் பதினைந்து சென்டிமீட்டர் கல்லின் மேல் ஏறினால் அது மட்டுமே ஒன்பது டிகிரிக்கு மேல் கூட்டிவிடும். அதே நேரம் பள்ளத்துப் பக்கச் சக்கரம் அதே அளவு ஆழமான வளையில் இறங்கினால் இன்னொரு ஒன்பது. இருபது டிகிரி சரிவில் நீ நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வண்டி அப்போது எங்கே இருக்கும் என்று நீயே கூட்டிப் பார், நீ கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி.

முடிந்தவரை நேராக ஏறு, நேராக இறங்கு, அல்லது சுற்றிப் போ. குறுக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மெதுவாக, உடலை மேட்டுப் பக்கம் நன்றாகச் சாய்த்துக்கொண்டு போ. நான்காவது படத்தில் பின்னால் மருந்துத் தொட்டி இருக்கிறது. அது நிறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்லலாம், பாதி நிறைந்த தொட்டி மோசம். தண்ணீர் எப்போதும் பள்ளத்துப் பக்கமே ஓடும், நீ மேட்டுப் பக்கம் சாய்ந்து சம்பாதித்ததை அது எடுத்துக்கொள்ளும். தொட்டி மாட்டிய அன்று சரிவுப் பக்கம் போகாதே. அந்த மூலையில் புல் மாதிரி வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய் எடு. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கால் இருக்கிறதுதானே.

நீ ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவள், அதனால் இரண்டு விஷயம். ஸ்கூட்டர் திருப்பத்தில் தானே சாயும், இது சாயாது. பல வண்டிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுற்றுவதால் நேராகப் போகத்தான் பார்க்கும். வேகத்தைக் குறைத்து, திருப்பத்தின் உட்பக்கம் உடலைச் சாய்த்தால்தான் சொன்னபடி கேட்கும். இரண்டாவது, வண்டி தள்ளாடினால் ஸ்கூட்டரில் செய்வதுபோல் காலைக் கீழே ஊன்றத் தோன்றும். ஊன்றினால் உன் பின்சக்கரமே உன் காலின் மேல் ஏறும். பாதம் எப்போதும் மிதிப்பலகையில். ஆக்சிலேட்டர் கட்டைவிரலில் இருப்பதால் குலுங்கும் இடத்தில் தானாகவே அழுந்தும், அதையும் கவனி.

ஓடையைக் கடக்கும் முன் இறங்கிக் குச்சியால் ஆழம் பார். கடந்த பிறகு பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டு உலர்த்து. உறைபனி உள்ள காலையில் வெயில் படாத தென்பக்கச் சரிவுகளைப் பிற்பகலுக்கு ஒதுக்கிவிடு. அங்கே சூரியன் வடக்கே இருப்பது எனக்கும் தெரியும், அட்லாஸ் பார்த்தேன்.

ஹெல்மெட்டைப் பற்றி நான் எழுத மாட்டேன். கல்லூரிக்குப் போகும்போது அதைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போனவள் யார் என்று உனக்கே தெரியும்.

தனியாகப் போகிறாய் என்பதைத்தான் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன் சிக்னல் பாதி இடத்தில் இல்லை என்கிறாய். எந்த நிலத்துக்குப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. அந்த நேரத்துக்கு வரவில்லை என்றால் அவர் தேடி வர வேண்டும். மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஆளிடம் சொல்லிப் பயனில்லை. செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி கிடைக்கிறதாம். பல்கலைக்கழகத்தில் கேள். அவர்கள் தரவில்லை என்றால் விலையை எழுது, நான் அனுப்புகிறேன். அதை வண்டியில் மாட்டாமல் உன் இடுப்பில் மாட்டிக்கொள். வண்டிக்கு அடியில் கிடக்கும்போது எட்டாத இடத்தில் இருந்தால் அது எதற்கு?

டயர் காற்றையும் பார். இந்த டயர்களுக்குப் பெரும்பாலும் 5 பி.எஸ்.ஐ. அளவில்தான் காற்று. நம் பெட்ரோல் பங்க் அளவியில் முள்ளே அசையாது, அதற்கென்று தனி அளவி உண்டு. ஒரு பக்கம் 4, மறுபக்கம் 7 என்று இருந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மூன்று எண் சொல்ல வேண்டும்: அட்டையில் உள்ள டிகிரி, முன் பின் டயர்களின் காற்று, பின்னால் எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்பது. கடைசி இரண்டும் வண்டியிலேயே ஒட்டியிருக்கும், அழிந்திருந்தால் கையேட்டில் இருக்கும். அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள். அங்கே தபாலில் விடுவார்களா என்பதையும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா