தேர்வு அட்டவணை முன்கூட்டியே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரியில் உள்ள ஒரு கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். பருவத் தேர்வு அட்டவணை, தேர்வு தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் எங்களுக்குக் கிடைக்கிறது. அதுவரை மீதமுள்ள பாடங்களை முடிக்கச் சனிக்கிழமைகளிலும் வகுப்புகள் நடப்பதால், எந்தப் பாடத்தை எப்போது திருப்பிப் படிப்பது என்று திட்டமிடவே இயலவில்லை.

அரியர், அதாவது முந்தைய பருவங்களில் தேர்ச்சி பெறாத தாள்கள், வைத்திருப்பவர்களின் பாடு இன்னும் கடினம். முற்பகல் ஒரு தாள், பிற்பகல் ஒரு தாள் என ஒரே நாளில் ஆறு மணி நேரம் எழுதிவிட்டு, பென்னாகரம் வரை நெரிசலில் நின்றபடியே வந்து, அங்கிருந்து ஏரியூருக்கு வேறு பேருந்து பிடித்து வீடு சேரும் மாணவர், மறுநாள் தாளுக்காக எப்போது புத்தகத்தைத் திறப்பார்? விடுதியில் தங்கிப் படிப்போருக்கு இந்தச் சிரமம் தெரிய வாய்ப்பில்லை.

அட்டவணையை ஒரு மாதம் முன்னதாக வெளியிட்டு, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வகுப்புகளை நிறுத்தி, அரியர் தாள்களைத் தனி நாள்களில் வைக்குமாறு பல்கலைக்கழக நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மாலை ஐந்து மணிக்குப் பின் தேர்வு நாள்களில் மட்டுமாவது கூடுதல் பேருந்து இயக்கினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கல்லூரி மாணவி,
பென்னாகரம்.